பானை பொங்கணும்னா பஸ் ஏறணும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பண்டிகையின் பொருளைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது பள்ளி விழாவா, பயணமா? பயணமே!

எதிரணித் தம்பி ஒரு போடு போட்டார்: "டூர் போற பிள்ளைங்க பார்த்துட்டு வர்றது சிப்ஸ் பாக்கெட்டைத்தான்." நல்லா கைதட்டினீங்க. சரி தம்பி, உங்க விழாவுக்கே போவோம்.

மேடையில கேஸ் அடுப்பு. மேல புது மண்பானை, கழுத்துல மஞ்சள் கொத்து. சிறப்பு விருந்தினர் வரல, சிம்முல வை. வந்துட்டார்; கூட்டி வை. பானைக்கு அடி உருண்டை, அடுப்புல நிக்காம ஆடுது. பிடிச்சுக்க ஒரு பி.டி. வாத்தியார்! "பொங்கலோ பொங்கல்!" பள்ளிக்கூடமே கத்துது. பொங்கல. மறுபடியும் "பொங்கலோ..." ம்ஹூம். விருந்தினர் வாட்ச்சைப் பார்க்கிறார். மூணாவது தடவை பொங்கிருச்சு... யாரு? தலைமையாசிரியர்!

எந்தப் பள்ளின்னு கேட்காதீங்க, பாதிப் பள்ளியில இதான் கதை. பால் ஏன் பொங்கல? அரைப்பானைதான் ஊத்தியிருக்காங்க. பாலும் அரிசி களைஞ்ச தண்ணியுமா கழுத்துக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் நிக்கணும். சூடேறினா மேல ஆடை கட்டும், அடியில கிளம்புற ஆவி அதைத் தூக்கிட்டு வந்து குறுகின கழுத்து வழியா வழிய விடும். அதுக்கப்புறம்தான் அரிசி. இவங்க வெல்லத்தையும் முதல்லயே கொட்டிட்டாங்க! வெல்லம் விழுந்தா அரிசி வேகாம விறைச்சு நிக்கும். படி அரிசிக்குக் கால் படி பாசிப்பருப்பு. ரெண்டும் குழைஞ்ச பிறகுதான் வடிகட்டின வெல்லப்பாகு.

தம்பி, சிப்ஸ் பாக்கெட்டோடயே மானாமதுரைக்கு வாங்க. கடம் செய்யற ஊர். 2023-ல் அந்த மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. சக்கரத்துல கழுத்தும் வாயும் வந்துரும், அடி வராது. அறுத்து எடுத்து, பாதி காயவிட்டு, உள்ள கல்லைக் குடுத்து வெளிய பலகையால தட்டித் தட்டி அடியை மூடுவாங்க. உருண்டை ஏன்? மூணு கல்லுக்கு நடுவுல ஆடாம உட்காரத்தான். பி.டி. வாத்தியார் வேண்டியதில்லை! மார்கழியில மழை பிடிச்சா பானை காயாது. ஈரத்தோட சூளைக்குப் போனா உள்ள இருக்கற தண்ணி ஆவியாகி வெடிக்கும். தட்டின கூலியும் போச்சு.

பானை தட்டற வீட்டுப் பிள்ளை ஒருத்தன் உங்க வகுப்புலயும் கடைசி பெஞ்சுல இருப்பான். நகத்துல மண்ணுன்னு அவனை அதட்டியிருப்போம். பஸ் அவன் தெருவுல நின்னா, மொத்த வகுப்பும் அவனைச் சுத்தி நிக்கும். "கழுத்தைப் பிடிச்சுத் தூக்காதடா, அடியில கை குடு"ன்னு அன்னிக்கு அவன் அதட்டுவான்! வாசல்ல நின்னு அவன் அம்மா பார்த்துக்கிட்டிருப்பாங்க. தம்பி, அந்த முகத்தை உங்க மேடையில காட்டிருவீங்களா?

நடுவர் அவர்களே, வாதத்தை எல்லாம் ஓரமா வைங்க. அந்தத் தாய்க்காகவாவது தீர்ப்பைப் பயணத்துக்குக் குடுங்க. வணக்கம்.