விதைக்காத வயலுக்கு நெல் மானியம்

நண்பர்களே, டெக்சாஸ் என்றால் மாடும் எண்ணெய்க் கிணறும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் ஹூஸ்டனிலிருந்து தென்மேற்கே வார்ட்டன் கவுண்டி, அதில் எல் காம்போ என்கிற சின்ன ஊர்ப் பக்கம் போனால் நெல் வயல்தான், நம்மைப் போலவே வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தி விளைவிக்கிற நெல். கவுண்டி என்பது கிட்டத்தட்ட நம் மாவட்டம் மாதிரி.

1996-ல் அமெரிக்காவில் ஒரு விவசாயச் சட்டம் வந்தது. என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள், போடாமலும் இரு, மானியம் வரும் என்றது. எதை வைத்து என்றால் அந்த நிலத்தில் 1980-களில் எத்தனை ஏக்கர் நெல் இருந்தது என்கிற பழைய கணக்கை வைத்து. 'அடிப்படை ஏக்கர்' என்று அதற்குப் பெயர். 2002-ல் வந்த சட்டமும் இதையே தொடர்ந்தது: நூறு பவுண்டு நெல்லுக்கு 2.35 டாலர், ஏக்கரில் 85 சதவீதத்துக்கு. சராசரி விளைச்சலுக்குப் போட்டுப் பார்த்தால் ஏக்கருக்கு வருஷம் நூறு டாலருக்குக் கொஞ்சம் குறைவு. புல் வளரவிட்டாலும் அந்தப் பணம் உண்டு, ஆனால் அதே மண்ணில் காய்கறியோ பழமோ போட்டால் பெரும்பாலும் கிடையாது!

அங்கே நெல் போட்டவர்களில் பெரும்பாலானோர் குத்தகைக்காரர்கள். நட்டத்தைச் சுமப்பவருக்கே தொகை என்றுதான் விதி சொன்னது, சரி. ஆனால் நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு நாலு மாட்டை மேய விட்டால் தொகை முழுக்க நிலக்காரருக்கு வந்துவிடும் என்றால் யார்தான் குத்தகைக்கு விடுவார்கள்? உழுதவர் வெளியே போனார், அவரை நம்பியிருந்த நெல் உலர்த்தும் நிலையங்களுக்கு நெல் வரத்து குறைந்தது. அப்புறம் நெல் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றார்கள். வீடு கட்டியது போக மீதி ஏக்கருக்கு, ஒருநாளும் ஏர் பிடிக்காதவருக்குக்கூட நெல் மானியம் வந்தது. சுற்றுவட்ட விவசாயிகள் அந்த மனைகளை 'கௌபாய் ஆரம்பப் பெட்டி' என்று கூப்பிட்டார்கள், மாட்டுக்காரர் வேஷம் போடப் புதிதாக வருகிறவருக்கான தொடக்கச் சாமான் என்கிற கேலி. 2000-த்திலிருந்து விவசாயமே செய்யாதவர்களுக்கு 130 கோடி டாலர் போயிருக்கிறது என்று வாஷிங்டன் போஸ்ட் 2006-ல் கணக்குப் போட்டு எழுதியது.

2014-ல் இந்த நேரடித் தொகையை நிறுத்தினார்கள், ஆனால் அடுத்து வந்த திட்டங்களும் அதே அடிப்படை ஏக்கரின் மேல்தான் நின்றன. 2009 முதல் 2017 வரை வெறும் புல்லாகவே கிடந்த நிலத்துக்குக் கிடையாது என்று 2018 சட்டத்தில்தான் எழுதினார்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், நம் பி.எம். கிசானும் நிலத்தைப் பார்த்துத்தான் பணம் தருகிறது. வருஷம் 6,000 ரூபாய், மூன்று தவணை, பட்டா யார் பேரிலோ அவருக்கு. என் அப்பா இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வயலைக் குத்தகைக்கு உழுதவர், அறுத்ததும் முதல் வேலையாக நிலக்காரருக்கு மூட்டை அளந்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு எடுத்து வருவார். 2019-ல் ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் எல்லாவற்றையும் மழைக்கு நனையாமல் உரச் சாக்கின் உள்பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். பட்டா கேட்டார்கள், அதே பையோடு திரும்பி வந்தார்.

குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய தமிழ்நாட்டில் 1969-லேயே சட்டம் இருக்கிறது. ஆனால் வாய்ப்பேச்சுக் குத்தகையில் பெயரைப் பதியச் சொல்லிக் கேட்டால் அடுத்த போகத்துக்கு வயலே கிடைக்காது என்கிற பயம். அப்பாவும் கேட்கவில்லை. உழுகிறவர் கேட்காமலே, கிராமத்தில் வந்து வரப்பில் நின்று பார்த்து, யார் நடுகிறார் என்று எழுதிக்கொண்டு போகிற வேலையை அரசு செய்ய வேண்டும். குறுவை நடவு நடக்கும்போதே வரட்டும், அப்போது வயலில் இருப்பவர் யார் என்று யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்காது.