சந்தைக்குத்தான் போனார்கள், மரியாதையோடு போனார்கள்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், அவர்களை இங்கே இழுத்துக்கொண்டு வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். எதிரணிக்கும் வணக்கம், சண்டை அப்புறம்.

எக்ஸோ என்ற கொரிய இளைஞர் குழு 2013 ஆகஸ்டில் 'க்ரௌல்' என்ற பாட்டைக் கொரிய மொழியிலும் சீன மொழியிலும் வெளியிட்டது. அது ரசிகருக்குச் செய்த மரியாதையா, சந்தைக்கு விரித்த வலையா? இதுதான் தலைப்பு. மரியாதைதான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கையில் கால்குலேட்டர் இல்லாத குறைதான். "மெட்டு ஒன்று, ஆட்டம் ஒன்று, வரவு மட்டும் இரண்டு" என்றார். அந்தப் பாட்டு வந்த ஆல்பம் கொரியத்தில் 'கிஸ்', சீனத்தில் 'ஹக்' என்று இரண்டு வடிவமாக வந்ததையும், மொத்தம் 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியதையும் சொன்னார். உண்மைதான். கொரியாவில் அதற்கு முன் 12 ஆண்டுகளாக எந்த ஆல்பமும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. எக்ஸோவை உருவாக்கிய எஸ்.எம். என்டர்டெயின்மென்ட் நிறுவனம் ஒன்றும் தர்மச் சத்திரம் நடத்தவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசு வாங்கிவிட்டால் மரியாதை செத்துப்போய்விடுமா? அப்படியானால் சன்மானம் வாங்கிக்கொண்டு இந்த மேடையில் பேசுகிற நாமெல்லாம் யார் ஐயா?

காசு மட்டும்தான் குறி என்றால் சுலபமான வழி இருந்தது. கொரியப் பாட்டையே சீனாவுக்கு அனுப்பி, கீழே சீன எழுத்தில் வரிகளை ஓடவிட்டிருக்கலாம். இல்லையென்றால் அங்கேயே நாலு பாடகரைப் பிடித்துப் பின்னணி பாட வைத்து, இவர்களை வாயசைக்கச் சொல்லியிருக்கலாம். அவர்கள் போனது கஷ்டமான வழியில்.

எவ்வளவு கஷ்டம் என்று கொஞ்சம் பாருங்கள். கொரிய வாக்கியத்தில், நம் தமிழைப் போலவே, வினை கடைசியில் வந்து உட்காரும். அதோடு ஒட்டுகள் வேறு வரிசையாகச் சேரும். சீனத்தில் வினை நடுவிலேயே வந்துவிடும், சொற்களோ பெரும்பாலும் ஓரசை, ஈரசைதான். கொரியச் சொல் 'ப்', 'க்' என்று வெடுக்கென்று நிற்கும். மாண்டரின் எனப்படும் இன்றைய பொதுச் சீனத்தில் சொல் பெரும்பாலும் உயிரிலோ, 'ன்', 'ங்' போன்ற மூக்கொலியிலோதான் முடியும். 'க்ரௌல்' மாதிரி விட்டுவிட்டு அடிக்கிற தாளத்தில் ஓர் அசை இடம் மாறினாலும் காதில் உறுத்தும். ஆக, சீன வரிகளைத் தாளத்துக்கு ஏற்றபடி புதிதாகத்தான் எழுதியாக வேண்டும். எதிரணி சொல்கிற 'நகல் எடுக்கும் வேலை' இதுதானா?

எழுதியதைப் பாட ஆள் வேண்டுமே. எக்ஸோ 2012 ஏப்ரலில் அறிமுகமானபோதே ஆறு பேர் கொரிய அணி, ஆறு பேர் சீன அணி. ஏப்ரல் 8 அன்று ஓர் அணி கொரியத் தொலைக்காட்சியில் பாடியது, அதே நாளில் இன்னோர் அணி சீனாவில் ஒரு விருது விழா மேடையில் பாடியது. சீன அணியில் சீனப் பின்னணி உள்ளவர்கள் நான்கு பேர்தான். மீதி இருவர், ஷியுமினும் சென்னும், கொரியப் பிள்ளைகள். அதிலும் சென் அந்த அணியின் முக்கியக் குரல். உச்ச ஸ்தாயிக்கு ஏறுகிற இடங்கள் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும். தாய்மொழியிலேயே மூச்சு வாங்கும் இடத்தை வேற்றுமொழியில் பாட வேண்டும், அந்த மொழிக்காரர்கள் கோடிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். உச்சரிப்பு தவறினால் யார் விடுவார்கள்?

வீடியோவுக்கு வருகிறேன். வாகன நிறுத்துமிடம் போன்ற ஒரு மங்கலான கூடம். பள்ளிச் சீருடையில் பன்னிரண்டு பேர். முழுப் பாட்டையும் ஒரே ஷாட்டாகக் காட்டுகிறார்கள். கேமரா வளைந்து வளைந்து போகிறது, ஒரு கூட்டம் விலகுகிறது, அடுத்த கூட்டம் உள்ளே வருகிறது, பாடுகிறவர் நேராக லென்ஸைப் பார்க்கிறார். வெட்டி ஒட்டுகிற படத்தில் உதட்டசைவுத் தவறை மறைக்கலாம். இதில் மறைக்க இடமே கிடையாது. சீன வடிவத்துக்கும் தனி வீடியோ வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். எந்த மொழிக்காரருக்கு இலையில் குறைத்துப் பரிமாறினார்கள் என்று எதிரணி சொல்லட்டும்.

எதிரணி அம்மா ஒரு பலமான வாதம் வைத்தார். "அவ்வளவு மரியாதை என்றால் சீன உறுப்பினர்கள் ஏன் ஓடினார்கள்?" என்றார். கிரிஸ் 2014 மே மாதத்திலும், லூஹான் அதே ஆண்டு அக்டோபரிலும், தாவ் 2015இலும் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். அது நடந்ததுதான், நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் அது சம்பந்தப்பட்டவர்களுக்கும் முதலாளிக்கும் நடந்த ஒப்பந்தத் தகராறு. இன்றைய தலைப்பு பாட்டுக்கும் கேட்பவருக்கும் நடுவே உள்ளது. முதலாளி கெட்டவர் என்றே வைத்துக்கொண்டாலும், பாடியவன் பட்ட பாடு பொய்யாகாது.

இப்போது என் கடைசி வாதம். வலை என்றால் என்ன? மீன் இருக்கும்வரைதான் விரிப்பார்கள். 2016இல் தென்கொரியா அமெரிக்காவின் 'தாட்' ஏவுகணைத் தடுப்பு அமைப்பை நிறுவ ஒப்புக்கொண்டது. சீனாவுக்குக் கோபம். எழுத்தில் தடை என்று எதுவும் வரவில்லை, ஆனால் கொரியக் கலைஞர்களின் கச்சேரிகள் அங்கே வரிசையாக நின்றுபோயின, நிகழ்ச்சிகளில் இடம் போனது. எதிரணி சொல்கிற சந்தையின் கதவு கிட்டத்தட்ட சாத்தியாகிவிட்டது. சீனக் குரல்களில் மூன்று பேர் ஏற்கெனவே இல்லை. கணக்குப் பார்க்கிறவன் அன்றைக்கே சீன வடிவத்தை நிறுத்தியிருப்பான்.

எக்ஸோ நிறுத்தவில்லை. 2017 ஜூலையில் 'கோ கோ பாப்', சீன வடிவமும் உண்டு. 2018 நவம்பரில் 'டெம்போ', அதற்கும் சீன வடிவம் உண்டு. சீனாவில் வேலையாக இருந்த சீன உறுப்பினர் லே அந்தப் பாட்டில் சேர்ந்து பாடினார். கச்சேரி வைக்க முடியாத நாட்டின் மொழியில், சீன அணியில் பாதி ஆள் கழன்ற பிறகும், உட்கார்ந்து வரி எழுதி உச்சரிப்புப் பழகிப் பாடியிருக்கிறார்கள். இதற்கு உங்கள் கணக்கில் என்ன பெயர் என்று அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பி முதலில் சொல்லட்டும், மற்றதை அப்புறம் பேசட்டும். நன்றி, வணக்கம்.