வீரா எக்சோஸ் பாகம் 4: இரைச்சல் போச்சு! 14.5 சென்டிமீட்டர் பைப்புக்கு நான் பட்ட பாடு

ஷ்... ஒரு நிமிஷம் நான் பேசாம இருக்கேன், கேளுங்க. இது அப்பாவோட புரோட்டான் வீரா காடி, ஐடில்ல ஓடுது. இப்ப நிமிஷத்துக்கு 3,000 சுத்து வரைக்கும் மிதிக்கிறேன்... கேட்டீங்களா? அந்தக் கும்முற சத்தம் இல்ல! போன வீடியோவில இதே சீட்டுல உக்காந்து நான் தொண்டை கிழியப் பேசினேன், ஞாபகம் இருக்கும். நேத்து ஈப்போவுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். பாகம் 2-ல "இந்தக் காடியில இனிமே ஏறமாட்டேன், தலைய வலிக்குது"ன்னு சொன்னாங்களே எங்கம்மா, அதே அம்மா ஜாவி தாண்டினதும் தூங்கிட்டாங்க. மெனோரா சுரங்கத்துக்குள்ள நுழையும்போதுதான் கண்ணு முழிச்சாங்க. எனக்கு வேற என்ன வேணும், சொல்லுங்க?

சரி, நடந்ததைச் சொல்றேன். காடி தெரியும், அப்பாவோட வீரா 1.5, 4ஜி15 எஞ்சின். பழைய எக்சோஸ், அதான் புகைக் குழாய், துருப்பிடிச்சு ஓட்டை விழுந்துடுச்சு. 304 ரக ஸ்டெயின்லெஸ், 2 அங்குலப் பைப்பு, 1.5 மில்லி தடிப்பு வாங்கி, புக்கிட் மெர்தாஜாம் வீட்டுப் போர்ச்லயே நானே டிக் வெல்டிங் பண்ணி மாட்டினேன். கமெண்ட்ல தம்பிங்க "ரெண்டரை அங்குலம் போடுங்கண்ணே, மஃப்ளரைத் தூக்கிடுங்கண்ணே"ன்னு இன்னும் எழுதுறீங்க. 1.5 எஞ்சினுக்கு 2 அங்குலம் தாராளம். மஃப்ளர்தான் சத்தத்தைக் குறைக்கிற டப்பா, அது இல்லாம தாமான் பூரா எழுப்பிட்டுப் போற காடி எனக்குச் சுத்தமாப் பிடிக்காது. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து பகல்ல தூங்குறவங்க என் பக்கத்து வீட்டுலயே இருக்காங்க. வாகனச் சத்தத்துக்கு 1987-லயே ஒழுங்குவிதி போட்டாச்சு. அதை நான் மதிக்கிறேன்.

ஆனா மஃப்ளர் ஒழுங்கா இருந்தும் ஹைவேயில ஒரு கோளாறு. ஜூரு டோல் தாண்டி அஞ்சாவது கியர்ல 110 பிடிச்சா எஞ்சின் கிட்டத்தட்ட 3,000-ல சுத்தும். அப்ப காடிக்குள்ள "ம்ம்ம்ம்"னு காதை அடைக்கும். காரணம் இதுதான்: நாலு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வெடிக்கும். நிமிஷத்துக்கு 3,000 சுத்துன்னா செகண்டுக்கு 50, அதை ரெண்டால பெருக்கினா 100 ஹெர்ட்ஸ். கைபேசியில சத்தம் அளக்குற ஆப் வச்சுப் பார்த்தேன், சரியா 100 கிட்ட ஒரு முள்ளு நட்டமா நிக்குது.

இதுக்கு மருந்து பக்கப் பைப்பு. மெயின் பைப்புலேருந்து டி மாதிரி ஒரு கிளை எடுத்து, கடைசியில மூடிடணும். சத்தம் அதுக்குள்ள போய், முட்டி, திரும்பி வரும்போது மெயின் பைப்புல போற அலைக்கு எதிரா வந்து நிக்கும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். அதுக்கு நீளம் அந்த அலையில கால் பங்கு இருக்கணும். நான் சத்தத்தோட வேகம் செகண்டுக்கு 350 மீட்டர்னு வச்சு, நாலால வகுத்து, நூறால வகுத்து, 87.5 சென்டிமீட்டர்னு அறுத்தேன்.

மாட்டி ஓட்டினா, 3,000-ல அதே சத்தம்! நாலாவது கியர்ல போய்ப் பார்க்கிறேன், 3,500-ல கப்சிப். அப்பதான் உறைச்சது. 350ங்கிறது நம்ம ஊரு வெளிக்காத்துக்கு. எக்சோஸ்குள்ள இருக்கிறது சுடுகாத்து, அதுல சத்தம் வேகமா ஓடும். உள்ள எத்தனை டிகிரின்னு தெரியவே வேணாம். பைப்பு நீண்டா, கப்சிப் ஆகுற சுத்து கீழ இறங்கும். 87.5-ஐ 3,500-ஆல பெருக்கி 3,000-ஆல வகுங்க. 102 வருதா? அவ்வளவுதான்! காடியே பதிலைச் சொல்லிடுச்சு. ராத்திரி பதினொரு மணிக்கு இதைத் தாள்ல போட்டுப் பார்த்துட்டு எனக்குத் தூக்கமே வரல.

வேண்டியது இன்னும் 14.5 சென்டிமீட்டர். இங்கதான் எரிச்சல். ஸ்டெயின்லெஸ் கடையில முழு 6 மீட்டர்தான் விப்பாங்களாம், 190 வெள்ளி. என் சாண் அளவுகூட இல்லாத துண்டுக்கு 190 வெள்ளி! "மிச்சத்தை வச்சுக்குங்க தவுக்கே, அறுக்கிற கூலி தர்றேன்"னு கேட்டேன், அசையல. அதுக்கப்புறம் மூணு கடை. ஒண்ணுல 1 மில்லி தடிப்பு, ஒண்ணுல ஒன்றரை அங்குலம், மூணாவது மதியத்துக்கு மேல பூட்டிடுச்சு. கடைசியில வீட்டுக் கேட்டும் கிரில்லும் செய்ற பட்டறையில போய் நின்னேன். மூலையில துண்டுங்க குவிஞ்சு கிடக்கு! வெர்னியர் வச்சு அளந்தேன், 50.8 மில்லி, 1.5 தடிப்பு. கேட்டுப் பைப்புல 201 ரகமும் வரும், அது சீக்கிரம் துருப்பிடிக்கும். காந்தம் வச்சு இதைக் கண்டுபிடிக்க முடியாது, ரெண்டுலயும் ஒட்டாது. அந்த அங்கிள் பைப்பு மேல அச்சடிச்ச 304-ஐக் காட்டினாரு. 20 சென்டிமீட்டர் துண்டு, 8 வெள்ளி! அங்கிள், நீங்க நல்லா இருக்கணும்.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். வெல்டிங் பண்ணும்போது பைப்புக்குள்ளயும் ஆர்கான் காஸ் விடணும். ரெண்டு முனையையும் அலுமினியத் தாளால அடைச்சு, ஒரு பக்கம் சின்ன டியூப், எதிர்ப்பக்கம் ஊசி ஓட்டை. விடலைன்னா வெளிய தங்கமா இருக்கும், உள்ள கறுப்பாப் பொரிஞ்சு போய் நாளைக்கு அங்கேயே விரியும். காஸ் மிச்சம் பிடிக்கிறேன்னு இதை மட்டும் விட்டுடாதீங்க. காடியிலேயே வச்சு வெல்டிங் பொட்டுப் போட்டா பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. ஜேக்கை மட்டும் நம்பிக் கீழ படுக்காதீங்க, ஸ்டாண்ட் கட்டாயம் வேணும்.

பக்கப் பைப்போட மூடின முனை கொஞ்சம் மேல தூக்கி இருக்கட்டும், தண்ணி தேங்காம மெயினுக்கே திரும்பி வழியும். அப்புறம் பாகம் 3-ல பைப்பு "டொக்கு டொக்கு"ன்னு இடிச்சுச்சே, அதுக்கும் விடை கிடைச்சாச்சு. 304 சூட்டுல சாதா இரும்பை விட அதிகமா நீளும். 2 மீட்டர் பைப்பு 300 டிகிரி ஏறினா கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர். ஆறின காடியில நான் விட்ட இடைவெளி பத்தல. பைப்பைத் தொங்கவிடுற ஹேங்கரை அறுத்துத் தள்ளி வச்சேன், இப்ப இடிக்கல.

பாக்கி ஒண்ணுதான். காலையில ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினா முன் ஃபிளெஞ்ச்ல, அதான் பைப்பை போல்ட் போட்டுச் சேர்க்கிற இடத்துல, "டிக் டிக்"னு கசியுது, சூடானா நின்னுடும். கேஸ்கெட் செவ்வாய்க்கிழமை வரும், அடுத்த வீடியோவில கழட்டிக் காட்டுறேன். அம்மா பசியாறக் கூப்பிடுறாங்க... வர்றேம்மா!