கடலோர நடைக்கு என்ன போடலாம்?

வணக்கம் நேயர்களே. வெப்பமண்டலக் கடற்கரையில் ஒரு பகல் முழுக்க நடக்கப் போகிறவர்கள் காலில் என்ன போட்டுக்கொண்டு போகலாம் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடும் நடைதான், முதுகில் பெரிய சுமையும் இருக்காது. ஆனால் அந்த ஒரே நாளில் கால் படுகிற தரையைப் பாருங்கள்: ஈர மணல், கொதிக்கிற காய்ந்த மணல், பாசி பிடித்த பாறை, முழங்கால் அளவு தண்ணீர் ஓடும் கழிமுகம், அலையாத்திக் காட்டுச் சேறு, அப்புறம் வேர் பின்னிக் கிடக்கும் மேட்டுப் பாதை. இத்தனைக்கும் ஒரே ஜோடி.

நிறையப் பேர் முதலில் கேட்பது வாட்டர்ப்ரூஃப் ஷூ. தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போகிறோம், தண்ணீர் புகாத ஷூ வாங்குவோம் என்று நினைப்பது இயல்புதான். நான் வேண்டாம் என்பேன். அந்த ஷூவுக்குள் ஒரு மெல்லிய படலம் வைத்துத் தைத்திருப்பார்கள். வெளித் தண்ணீரைத் தடுத்துக்கொண்டே வியர்வையை மட்டும் ஆவியாக வெளியே விடுவது அதன் வேலை, ஆனால் அந்த வேலை நடக்க வேண்டுமென்றால் வெளிக்காற்று உலர்ந்து, கொஞ்சம் குளிர்ந்தும் இருக்க வேண்டும். கடலோரத்துப் புழுக்கத்தில் வியர்வை எங்கே போகும்? உள்ளேயேதான் தங்கும். அதைவிட மோசம், ஒரே ஒரு அலை கணுக்காலுக்கு மேல் அடித்தால் போதும், தண்ணீர் மேல்வழியாக இறங்கிவிடும், அப்புறம் வெளியேற வழியே கிடையாது. தண்ணீர் மொண்ட சொம்பைக் காலில் மாட்டிக்கொண்டு நடக்கிற மாதிரிதான் மிச்ச தூரம் முழுக்க.

இந்த நடையில் கால் நனையும். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் ஷூ தேடுகிற விதமே மாறிவிடும், உள்ளே வந்த தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் வெளியே போகும் என்று மட்டும் பார்ப்போம். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவம் தன் வீரர்களுக்குக் கொடுத்த காட்டு பூட்ஸில், சோலுக்குச் சற்று மேலே உட்பக்கமாகத் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் வைத்திருந்தார்கள், விரல் பக்கமும் குதிகாலும் தவிர மேல்பகுதி தோல் கிடையாது, துணி. தண்ணீரைத் தடுப்பதைவிட வடியவிடுவது நல்லது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்கள்.

நான் சிபாரிசு செய்வது, மேல்பாகம் வலைத்துணியாலான, கணுக்காலுக்குக் கீழே நிற்கிற ட்ரெயில் ரன்னிங் ஷூ, அதாவது கரடுமுரடான மண் பாதையில் ஓடுவதற்கென்று செய்த ஷூ. கடையில் கையில் எடுத்ததும் நாக்குப் பகுதியையும் குதிகால் ஓரத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று தடிமனாகப் பஞ்சு வைத்திருந்தால் அது தண்ணீரைக் குடித்துவிட்டு நாள் முழுக்க விடாது. வலையின் கண் ரொம்பப் பெரிதாக இருந்தாலும் தொல்லைதான், நுண்மணல் புகுந்து உள்சோலுக்கு அடியில் சேரும். வாங்கிய பிறகு வீட்டில் ஒருமுறை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்து பாருங்கள். பத்திருபது அடியில் பெரும்பாலான தண்ணீர் பிதுங்கி வெளியேறிவிட வேண்டும்.

சரி, சாக்ஸ். பருத்தி சாக்ஸ் இந்த வேலைக்கு ஆகாது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலோடு ஒட்டிக்கொள்ளும். கொப்புளம் வெறும் உரசலால் மட்டும் வருவதில்லை: ஒவ்வொரு அடிக்கும் உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது, தோலோ சாக்ஸோடு ஒட்டி அங்கேயே நிற்கிறது, இந்த இழுபறியில் தோலின் அடுக்குகள் பிரிந்து இடையில் நீர் கோத்துக்கொள்கிறது. ஊறிப்போன தோலில் ஒட்டல் இன்னும் அதிகம், அதனால்தான் ஈரக் காலில் சீக்கிரம் வருகிறது. மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர் சாக்ஸ் போடுங்கள், இன்னொரு ஜோடி நனையாமல் பையில் இருக்கட்டும். மதியம் உட்காரும்போது ஷூவைக் கழற்றி, உள்சோலை உருவி மணலைத் தட்டி, காலைக் காற்றாட விட்டு, சாக்ஸ் மாற்றிக்கொண்டு எழுந்தால் பிற்பகல் நடை வேறு மாதிரி இருக்கும்.

சோலுக்கு வருகிறேன். ஆழமான பற்கள் சேற்றுக்கும் மண் மேட்டுக்கும் நல்லது, ஆனால் ஈரப் பாறையில் பற்களின் ஆழத்தைவிட ரப்பரின் மென்மையும் பாறையைத் தொடும் பரப்பும்தான் முக்கியம். 1935ல் அமெரிக்காவில் பால் ஸ்பெர்ரி படகுத் தளத்தில் வழுக்காத ஷூ செய்தபோது ரப்பரில் மெல்லிய கீறல்களைப் போட்டார். மிதிக்கும்போது கீறல்கள் விரிந்து, அவற்றின் விளிம்புகள் தண்ணீரை ஒதுக்கிவிட்டுத் தரையைப் பிடிக்கும். கடையில் சோலில் கட்டை விரல் நகத்தை அழுத்துங்கள். கொஞ்சமாவது அமுங்கினால் நல்லது, பிளாஸ்டிக் போல விறைத்து நின்றால் வைத்துவிடுங்கள். எவ்வளவு நல்ல சோலாக இருந்தாலும் பச்சைப் பாசியிலும், அலை தெறிக்கிற உயரத்தில் பாறையில் கறுப்பாகப் படிந்திருக்கும் பட்டையிலும், ஈரமாக இருக்கும்போது நம்பிக் கால் வைக்க முடியாது. சுற்றிப் போங்கள்.

சாண்டல் போதாதா என்று கேட்பீர்கள். குதிகாலில் வார் உள்ள சாண்டல் வெறும் மணலில் அருமை, மணலும் தண்ணீரும் வந்த வழியே போய்விடும். பாதையில் பாறையோ அலையாத்திக் காடோ இருந்தால் எனக்குச் சம்மதமில்லை. பாறையில் ஒட்டி வளரும் சிப்பி ஓட்டின் விளிம்பு கத்திதான், சேற்றிலிருந்து நேராக நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்கள் விரல் இடுக்கில் குத்தும். மேல்பாதத்தில் வெயில் வாங்கிச் சிவந்து எரிவது வேறு. விரலிடுக்கு வார் வைத்த ரப்பர் செருப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், சேறு ஒரு இழுப்பில் பிடுங்கிக்கொள்ளும்.

வெறுங்காலோடு நடப்பது சுகம்தான். ஆனால் உச்சி வெயிலில் காய்ந்த மணல் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். நாயும் பூனையும் அசுத்தம் செய்யும் மணலில் கொக்கிப்புழுவின் இளம்புழு இருக்கக்கூடும். அது பாதத் தோலுக்குள் புகுந்து வளைந்து வளைந்து ஊர்ந்து, தாங்க முடியாத அரிப்பைக் கொடுக்கும். ஷூ போட்டிருந்தாலும் ஒரு எச்சரிக்கை: ஆழமில்லாத மணல் தண்ணீரைக் கடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப்போகும். அதன் விஷமுள் வலைத்துணியைச் சுலபமாகத் துளைத்துவிடும்.

அளவைப் பொறுத்தவரை, வெக்கையிலும் நடையிலும் பாதம் வீங்கும் என்பதால் மாலை நேரத்தில், போடப்போகிற சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது. பல ஷூக்களில் மேலே கடைசியாக ஒரு துளை சும்மா இருக்கும். இருபக்கமும் லேஸை அந்தத் துளையில் விட்டுச் சின்ன வளையமாக்கி, எதிர்ப்பக்க முனையை அந்த வளையத்துக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். குதிகால் அசையாது, இறக்கத்தில் விரல் போய் முன்னால் இடிக்காது.

பழைய ட்ரெக்கிங் ஷூ அலமாரியில் புதிதுபோல இருக்கிறதே, அதையே போடலாமா? நன்றாகச் சோதித்துவிட்டுப் போடுங்கள். பாலியூரித்தேன் என்கிற நுரை பிளாஸ்டிக்கால் செய்த நடுசோல் (அடி ரப்பருக்கும் பாதத்துக்கும் நடுவே இருக்கும் மெத்தை), பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் வருடக்கணக்கில் வேதிமாற்றம் அடைந்து உதிர ஆரம்பிக்கும், பாதி வழியில் சோல் அப்படியே கழன்று வரும். பக்கவாட்டில் அழுத்தும்போது வெடிப்போ பிசுபிசுப்போ பொடியோ தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

திரும்பி வந்ததும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் அலசுங்கள். உப்பு தங்கினால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஷூ முழுசாகக் காயவே காயாது. உள்சோலைத் தனியாக எடுத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள், தாள் ஊறியதும் மாற்றுங்கள். சுள்ளென்ற வெயிலில் வைத்தால் ஒட்டியிருக்கும் பசை விட்டுவிடும்.