உடுப்புக்கு விதி, சம்பளத்துக்கு வாய்ப்பேச்சு

நேயர்களுக்கு வணக்கம்.

அண்மையில் ஒரு பிள்ளை தன் நியமனக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். எச்.என்.டி.இ. என்கிற ஆங்கில உயர் தேசிய டிப்ளோமா முடித்தவள். அரச நியமனம் வரும்வரைக்கும் வீட்டில் சும்மா இருப்பானேன் என்று ஒரு ஸ்போக்கன் இங்கிலிஷ் நிலையத்தில் சேர்ந்திருந்தாள். கடிதம் ஒன்றரைப் பக்கம். அதில் பாதிக்கு மேல் உடுப்பு. சாறி கட்டாயம். கண்ணைப் பறிக்கிற நிறம் கூடாது. முந்தானையை மடித்துப் பின் குத்தியிருக்க வேண்டும். சனிக்கிழமைகளில் நிலையத்தின் நிறமான நீலச் சாறி, அதைச் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ள வேண்டும். நடக்கும்போது செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது. சம்பளத்துக்கு ஒரே ஒரு வரி: "கொடுப்பனவு, பேசிக்கொண்டபடி." அதற்குக் கீழே இன்னொரு வரி: "தாங்கள் எமது நிலையத்தின் ஊழியர் அல்லர், வருகைதரு விரிவுரையாளர்."

இந்த இரண்டு வரிக்கும் அந்த உடுப்புப் பட்டியலுக்கும் உள்ள தொடர்பைத்தான் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன்.

மட்டக்களப்பில் ஆங்கில வகுப்பு என்பது நேற்று முளைத்த தொழில் அல்ல. மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் 1814இல் இங்கே வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார், மறு வருடமே இங்கேயே இறந்துபோனார். அவர் தொடங்கியதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. இன்றைக்கு வாழைச்சேனையில் இருந்து களுவாஞ்சிக்குடி வரைக்கும், அங்கால கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வரைக்கும் மொழி வகுப்புப் பலகை தொங்காத சந்தி குறைவு. ஆங்கிலம் மட்டும் இல்லை. கொரியாவுக்குப் போகிற பொடியன்மாருக்குக் கொரிய மொழி, ஜப்பானுக்குப் போகிறவர்களுக்கு ஜப்பான் மொழி, அரச வேலையில் இருப்பவர்களுக்குச் சிங்களம். வெளிநாட்டுக்குப் போகிற கனவின் முதல் படி இந்தத் தகரக் கொட்டகைகளில்தான் கட்டப்படுகிறது. அங்கே படிப்பிக்கிறவர் என்ன நிலைமையில் நிற்கிறார் என்று கேட்பவர் குறைவு. நானும் மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் இப்படியான நிலையங்களில் வருடக் கணக்காகப் படிப்பித்தவள் என்பதால் சொல்கிறேன்.

முதலில் நேரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவது பின்னேரம். வேலைக்குப் போகிறவர்கள் வருவது காலையில் அல்லது சனி ஞாயிறில். ஆகவே ஆசிரியருக்குக் காலையில் ஒரு வகுப்பு, பின்னேரம் இரண்டு வகுப்பு, நடுவில் ஒரு பெரிய ஓட்டை. ஆரையம்பதியில் இருந்தோ செங்கலடியில் இருந்தோ வருகிற பிள்ளை அந்த ஓட்டையில் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. நிலையத்திலேயே இருக்கிறாள். இருக்கிறவளைச் சும்மா விடுவார்களா? கவுண்டரில் இருந்து போன் எடு, புதுப் பிள்ளைகளைப் பதி, பேஸ்புக்கில் விளம்பரம் போடு, நோட்ஸ் போட்டோக்கொப்பி எடு. மாலையில் கணக்குப் பார்க்கும்போது காசு படிப்பித்த மணித்தியாலத்துக்கு மட்டும்தான். கவுண்டரில் இருந்த நேரம் "உதவி". வீட்டில் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் பெற்றோருக்குப் பதில் எழுதுவதும் உதவிதான், கட்டுரை திருத்துவதும் உதவிதான். முதல் மாதம் "ட்ரையல்" என்று சம்பளமே இல்லாமல் போன கதைகளும் எனக்குத் தெரியும். மூலச் சான்றிதழை வாங்கி அலுமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு, விலகும்போது தரமாட்டோம் என்று இழுத்தடிக்கிற நிலையங்களும் உண்டு. சான்றிதழுக்குப் போட்டோக்கொப்பி கொடுங்கள், பிள்ளைகளே. மூலப் பிரதியைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது.

இனி உடுப்பு.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கல்லடிப் பாலத்தில் ஸ்கூட்டியில் போகிற ஆசிரியை ஒருத்தியைக் கவனித்துப் பாருங்கள். 2013இல் திறந்த புதுப் பாலம் அகலமானது, நல்ல பாலம், ஆனால் வாவிக்கு மேலே காற்றுக்குத் தடுப்பு இல்லை. கொசுவத்தை வாரி முழங்காலுக்கு இடையில் இடுக்கி இருப்பாள். முந்தானையை இடுப்பைச் சுற்றிச் செருகி, அதற்கு மேலே கைப்பையின் பட்டியைக் குறுக்காகப் போட்டிருப்பாள், அது பறக்காமல் இருக்க. ஒரு கை அடிக்கடி பிரேக்கை விட்டுத் தோளுக்குப் போகும். பின்சில்லில் முந்தானை சுற்றிக்கொண்டு விழுந்தவர்களை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்திருக்கிறேன். மாரியில் வேறு கதை. கார்த்திகை மார்கழி வெள்ளத்தில் கரை நனைந்த சாறியோடு வந்து, அந்த ஈரத்திலேயே ஏழு மணி வரைக்கும் நின்று படிப்பிக்க வேண்டும். பெரும்பாலான நிலையங்களில் உடுப்பு மாற்ற ஒரு மறைப்பு இல்லை. சில இடங்களில் பெண்களுக்கு என்று தனிக் கழிப்பறையே இல்லை. சாறியின் நிறத்தை எழுதத் தெரிந்தவர்களுக்கு இதை எழுதத் தெரியவில்லை.

எனக்குச் சாறி பிடிக்கும். மருதமுனைக் கைத்தறிச் சாறி ஒன்றைக் கட்டினால் அன்றைக்கு நான் வேறு ஆள். பிடித்துக் கட்டுவது வேறு, கட்டாவிட்டால் அரைநாள் காசு வெட்டு என்பது வேறு. வாரத்தில் ஆறு நாள் சாறி என்றால் எத்தனை சாறி, எத்தனை சட்டை தைப்பு, எத்தனை தரம் அயன்? மணித்தியாலக் கூலியில் வேலை செய்கிற பிள்ளைக்கு அது சம்பளத்தில் இருந்து கழிகிற செலவு.

ஆண்களுக்கு வேறு கூத்து. ஆங்கிலம் படிப்பிப்பவர் என்றால் டை கட்ட வேண்டும், முழுக்கைச் சட்டை போட வேண்டும், போஸ்டருக்குப் படம் எடுக்கும்போது கோட் போட வேண்டும். சித்திரை வெயிலில், மின்விசிறி ஒன்று மட்டும் சுழலுகிற கொட்டகையில், கழுத்தை இறுக்கிக்கொண்டு ஒரு மனிதன் "பிளீஸ் ரிலாக்ஸ் அண்ட் ஸ்பீக்" என்று சொல்வதைப் பார்க்கச் சிரிப்பு வரும்.

அரச பாடசாலையிலும் இந்தப் பிரச்சினை வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பொருளாதார நெருக்கடிக் காலத்தில், 2022 நவம்பரில், சில ஆசிரியைகள் சாறிக்குப் பதிலாக வேறு கண்ணியமான உடுப்பில் பாடசாலைக்குப் போனார்கள். தொழிற்சங்கங்கள் ஆதரித்தன. கல்வி அமைச்சு சாறிதான் என்று நின்றது. அதற்கு முன்பு 2018இலும் 2022 தொடக்கத்திலும் திருகோணமலையில் ஒரு பாடசாலைக்கு முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா போட்டு வருவதைச் சிலர் எதிர்த்த விவகாரம். அது கிழக்கு மாகாணத்தில் எல்லோரையும் ஒரு பக்கம் எடுக்க வைத்தது, இன்னும் சிலருக்கு ஆறவில்லை. நான் கல்முனையில் முஸ்லிம் பிள்ளைகளுக்குச் சாறி உடுத்துப் படிப்பித்தவள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அதே மரியாதை அபாயா போட்டுக்கொண்டு மட்டக்களப்பு நகருக்குப் படிப்பிக்க வருகிற ஆசிரியைக்கும் கிடைக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அரச பாடசாலை ஆசிரியை அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போகலாம். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை நிருவாகத் துறையின் செயலுக்கு எதிராகத்தான் அந்த வழியைத் திறக்கிறது. தனியார் நிலையத்து முதலாளியின் உடுப்பு விதியை அங்கே கொண்டுபோக முடியாது. ஆகவே தனியாரில் வேலை செய்பவருக்குச் சேர்கிற நாளில் கையெழுத்து வைக்கிற கடிதம்தான் முதல் பாதுகாப்பு. அந்தக் கடிதத்தில் உடுப்பு மட்டும் விபரமாக இருந்து, மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு என்றால்?

இங்கேதான் அந்த "ஊழியர் அல்லர்" என்ற வரிக்கு வருகிறேன்.

ஒருவர் ஊழியரா, சுயமாகத் தொழில் செய்பவரா என்பதைக் கடிதத்தின் தலைப்பு தீர்மானிப்பதில்லை. அவருடைய வேலை யாருடைய கட்டுப்பாட்டில் நடக்கிறது என்பது நீதிமன்றங்கள் பார்க்கிற முக்கியமான விஷயங்களில் ஒன்று. எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்தப் புத்தகத்தைப் படிப்பிக்க வேண்டும், வேறு நிலையத்தில் படிப்பிக்கக் கூடாது, சனிக்கிழமை நீலச் சாறி கட்ட வேண்டும், செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது: இவ்வளவையும் சொல்கிறவர் முதலாளி. அதைக் கேட்டு நடக்கிறவர் ஊழியர். உண்மையான வருகைதரு விரிவுரையாளருக்கு யாராவது செருப்பைப் பற்றிக் கடிதம் எழுதுவார்களா? ஆகவே அந்த உடுப்புப் பட்டியலைக் கிழித்துப் போடாதீர்கள் என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். அவளுடைய பக்கத்துக்கு அதுதான் நல்ல சாட்சி.

ஊழியர் என்று ஆனால் என்ன கிடைக்கும்? ஊழியர் சேமலாப நிதி, நாம் ஈபிஎப் என்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். சம்பளத்தில் 8 வீதம் உங்களிடம் இருந்து, 12 வீதம் முதலாளியிடம் இருந்து. ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் கட்ட வேண்டும். தற்காலிகம், பகுதிநேரம் என்று சொல்லித் தப்ப முடியாது. இன்னொன்றையும் கேளுங்கள். உங்கள் 8 வீதத்தை அந்த மாதச் சம்பளத்தில் கழிக்காமல் விட்டுவிட்டு, பிறகு பிடிபட்ட நேரம் "பழைய பாக்கி" என்று உங்களிடம் அறவிட முதலாளிக்கு உரிமை இல்லை. அவரே முழுவதையும் கட்ட வேண்டும். இதற்கு மேலே 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு. அது முழுக்க முதலாளியின் காசு. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தால் பணிக்கொடையும் உண்டு, வருடத்துக்கு அரைமாதச் சம்பளம். கர்ப்பிணித் தாய்மாருக்குப் பிரசவ விடுமுறை 84 நாள். முன்பு மூன்றாவது பிள்ளைக்குக் குறைத்தார்கள், 2018இல் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டார்கள். தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாய் ஆக்கப்பட்டு, 2026 ஜனவரியில் இருந்து 30,000. காலையில் வந்து இரவு போகிற, கவுண்டரிலும் இருக்கிற பிள்ளைக்கு இதற்குக் கீழே கொடுத்தால் அது "பேசிக்கொண்டபடி" என்றாலும் செல்லாது.

நிலையம் நடத்துபவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு இருப்பீர்கள். உங்கள் கஷ்டமும் தெரியும். கட்டட வாடகை, மின்சாரக் கட்டணம், பாதி மாதத்தில் நின்றுவிட்டுக் காசு தராமல் போகிற பிள்ளைகள், டிசம்பரில் காலியாகிற வகுப்பு, யூடியூப்பில் இலவசமாகப் படிப்பிக்கிற போட்டி. உங்களில் பலர் முந்தி இதே ஆசிரியர் வேலை செய்தவர்கள்தான். "மிஸ், பெற்றோர் உடுப்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அது பொய் இல்லை. அப்படியானால் அந்த உடுப்பு உங்கள் விளம்பரம். விளம்பரப் பலகைக்கு ஆசிரியரிடம் காசு வாங்குவீர்களா? நிலையத்தின் நிறத்தில் சாறி வேண்டும் என்றால் வருடத்துக்கு இரண்டு வாங்கிக் கொடுங்கள். கொடுக்க வசதி இல்லை என்றால் "சுத்தமான, கண்ணியமான, படிப்பிக்க வசதியான உடுப்பு" என்று ஒரு வரி எழுதிவிட்டு, மிச்ச அரைப் பக்கத்தில் சம்பளத்தையும் விடுமுறையையும் எழுதுங்கள். சாறி, சல்வார், அபாயா எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். வகுப்புக்குச் சேர்க்கப் போகும்போது மிஸ் என்ன உடுத்திருக்கிறா என்று பார்ப்பதை விட, போன வருடம் இருந்த மிஸ் இந்த வருடமும் இருக்கிறாவா என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆசிரியர் மாறுகிற நிலையத்தில் உங்கள் பிள்ளை ஒவ்வொரு முறையும் "மை நேம் இஸ்" என்பதில் இருந்துதான் தொடங்கும்.

கடைசியாக, பலர் என்னிடம் கேட்கிற கேள்வி: வேலையை விடாமல் முறைப்பாடு செய்யலாமா? செய்யலாம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் தொழில் அலுவலகம் இருக்கிறது. போகும்போது அடையாள அட்டை, நியமனக் கடிதம், சம்பளம் வாங்கிய ஆதாரம் எடுத்துப் போங்கள். கையில் காசு தருகிற இடம் என்றால் திகதியும் தொகையும் எழுதிய ஒரு சிறு கொப்பி வைத்திருங்கள். வகுப்பு அட்டவணை, "நாளைக்கு எட்டு மணிக்கு வாங்க மிஸ்" என்ற வாட்ஸ்அப் செய்தி, உங்கள் படம் போட்ட போஸ்டர் எல்லாம் ஆதாரம்தான். உங்கள் பெயரை முதலாளிக்குச் சொல்ல வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை இன்னும் போகவில்லை. முதலில் நேரே கதைத்துப் பார்க்கிறேன் என்றாள். அதுவும் நல்லதுதான். கடிதத்தின் கொப்பி ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போய்க் கதை, மகள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.