கறிவேப்பிலைப் புழுவுக்கு எத்தனை கால்?

பிள்ளைகளே, ஒரு கட்டெறும்பைக் கண்ணாடி டம்ளருக்குள் விட்டுக் காலை எண்ணுங்கள். 6 வரும். 8 வந்தால் அது சிலந்தி, பூச்சி இல்லை. மரவட்டைக்கு எண்ணி மாளாது. அதுவும் பூச்சி இல்லை.

எண்ணியதோடு விட்டுவிடாதீர்கள். கால் எங்கே முளைக்கிறது? பூச்சியின் உடம்பு தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதி. ஆறு காலும் மார்பில்தான் இருக்கும். இறக்கை இருந்தால் அதுவும் அங்கேதான். நுரையீரல் கிடையாது, உடம்பின் இரு பக்கமும் இருக்கும் பொடித் துளைகள் வழியாகக் காற்று உள்ளே போகும்.

இப்போது கறிவேப்பிலைச் செடிக்கு வாருங்கள். அங்கே ஒரு பச்சைப் புழு. எண்ணினால் 16 கால்! ஏமாந்துவிடாதீர்கள். தலைக்குப் பக்கத்தில் கூராக இருக்கும் 3 ஜோடிதான் நிஜக் கால். பின்னால் இருக்கும் 5 ஜோடியும் கிளையைப் பற்றிக்கொள்ள உதவும் சதைக்கால்கள். வண்ணத்துப்பூச்சி ஆனதும் காணாமல் போய்விடும். இதே புழு சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே தெரியும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஒரு செந்நிறக் கொம்பை நீட்டும், நாறும். அவ்வளவுதான், கடிக்காது.

வளர்த்துப் பார்க்கலாம். அகன்ற வாய் ஜாடி, மேலே மெல்லிய துணி, ரப்பர் பேண்ட். மூடி போட்டு இறுக்கினால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இலையைக் கழுவினால் நன்றாகத் துடைத்துவிட்டுப் போடுங்கள். கடையில் வாங்கிய கறிவேப்பிலை வேண்டாம். மருந்து அடித்திருந்தால் புழு செத்துவிடும். எச்சத்தைத் தினமும் கொட்டுங்கள். புழு திடீரென்று தின்னாமல் அசையாமல் கிடந்தால் பிடித்து இழுக்காதீர்கள். தோல் உடம்போடு சேர்ந்து வளராது. அதனால் பழையதை உரித்துப் போட்டுத்தான் புழு பெரிதாக வேண்டும். வீட்டில் எப்போதாவது வெள்ளைக் கரப்பான் பார்த்திருப்பீர்களே, அதுவும் அப்போதுதான் தோல் உரித்தது.

ஜாடிக்குள் ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள், கூட்டுப்புழு அதில்தான் ஒட்டிக்கொள்ளும். வெயில் காலத்தில் பத்து நாள் அளவில் வண்ணத்துப்பூச்சி வெளியே வரும். வந்ததும் இறக்கை ஈரமாகச் சுருண்டிருக்கும். தொங்க இடம் இல்லாவிட்டால் விரியாது, அப்படியே கோணலாகக் காய்ந்துவிடும்.

சில சமயம் கூட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு பொடிக் குளவிகள் வரும். நீங்கள் எதுவும் தவறு செய்யவில்லை. அவற்றின் தாய் முன்பே உள்ளே முட்டை வைத்துவிட்டது. லென்ஸை எடுத்து அவற்றுக்கும் காலை எண்ணுங்கள்.