பேச்சு போனவருக்குப் புத்தி போகவில்லை

நேயர்களுக்கு வணக்கம். மூளையின் அமைப்பு, அது செய்யும் வேலைகள் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். மூளை முழுவதையும் இந்தக் கொஞ்ச நேரத்தில் சொல்லி முடிக்க முடியாது, அதனால் நான் தினமும் புழங்குகிற ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பேச்சு. பக்கவாதம் வந்து, அதாவது மூளைக்கு ரத்தம் போவது தடைபட்டு, பேச்சு போனவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை.

எங்களிடம் வருகிறவரோடு வீட்டு ஆட்களும் வருவார்கள். நான் அவரைப் பார்த்து "சாப்பிட்டீங்களா ஐயா?" என்று கேட்டால், மகனோ மனைவியோ முந்திக்கொண்டு, "அவருக்கு ஒண்ணும் புரியாது மேடம், எங்ககிட்டயே கேளுங்க" என்பார்கள். அவர் காது கேட்கவே சொல்வார்கள். அப்போது அவர் முகம் சுருங்குவதையோ, சட்டென்று தலையைத் திருப்பிக்கொள்வதையோ நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் அவருக்குப் புரிந்திருக்கிறது. இதைச் சொல்லத்தான் முக்கியமாக இங்கே வந்தேன்.

இது 160 வருஷத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். பாரிஸுக்குப் பக்கத்தில் பிசெத்ர் என்ற மருத்துவமனையில் லெபோர்ன் என்று ஒருவர் இருந்தார். அவர் வாயில் வந்தது "டான்" என்ற ஓர் ஒலிதான், எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பார், அதனால் அங்கே எல்லோரும் அவரை டான் என்றே கூப்பிட்டார்கள். 1861 ஏப்ரலில், புண் முற்றிய காலோடு அவரை அறுவை மருத்துவர் பால் புரோக்காவிடம் கொண்டுவருகிறார்கள். புரோக்கா அவரிடம், இந்த மருத்துவமனைக்கு வந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்கிறார். லெபோர்ன் இடது கையை விரித்து விரித்து நாலு முறை காட்டினார், அப்புறம் ஒற்றை விரலை நீட்டினார். நாலு ஐந்து இருபது, அதோடு ஒன்று. சரியாக 21 வருஷம். ஒரு சொல் பேச வராத மனிதர் கணக்குப் போட்டுப் பதில் சொல்கிறார்! கேட்டது புரிந்திருக்கிறது, வருஷம் நினைவிருக்கிறது, வாய்க்குப் பதிலாக விரலால் சொல்லலாம் என்ற யோசனையும் வந்திருக்கிறது.

சில நாளிலேயே அவர் இறந்துபோனார். புரோக்கா மூளையை எடுத்துப் பார்த்தபோது இடது பக்கம், முன்மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்தது. புருவம் முடிகிற இடத்துக்கும் காதுக்கும் நடுவே, நெற்றிப்பொட்டுக்கு உள்ளே என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத்தான் இன்றைக்கும் புரோக்கா பகுதி என்று பெயர். அந்த மூளையைப் பாரிஸில் பத்திரமாக வைத்திருந்தார்கள். 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அதை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், சேதம் மேல்புறத்தோடு நிற்காமல், பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் வரை ஆழமாகப் போயிருந்தது தெரிந்தது. பேச்சு ஒரே ஒரு புள்ளியில் குடியிருக்கவில்லை, பல இடங்கள் சேர்ந்து செய்கிற வேலை அது.

அதில் இன்னொரு முக்கியமான இடத்தை 1874-ல் கார்ல் வெர்னிக்கே என்ற 26 வயது ஜெர்மன் மருத்துவர் எழுதினார். இது அதே இடது பக்கத்தில், காதுக்கு மேலே கொஞ்சம் பின்னால் இருக்கிறது. இங்கே அடிபட்டால் பேச்சு தடையில்லாமல் வரும், ஏற்ற இறக்கமெல்லாம் இருக்கும், ஆனால் சொற்களுக்குப் பொருள் இருக்காது, நாம் சொல்வதும் அவருக்குச் சரியாகப் பிடிபடாது. நேற்று வரை நன்றாகப் பேசியவர் இன்றைக்கு எழுந்து சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள், மந்திரிக்கக்கூடக் கூட்டிப்போவார்கள். அதுவும் பக்கவாதமாக இருக்கலாம், கை கால் விழாமலே வந்திருக்கலாம். இவர்களுக்குச் சொல் புரிவதில் குறை உண்டுதான். ஆனாலும் பேரன் முகம் தெரியும், யார் மரியாதையாக நடத்துகிறார்கள், யார் எரிச்சல்படுகிறார்கள் என்பது நன்றாகவே தெரியும்.

சரி, பேச்சு போனவர்களுக்குப் பெரும்பாலும் வலது கை ஏன் விழுகிறது? மூளையிலிருந்து கை கால்களுக்கு இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை, பிடரிக்கு உள்ளே முகுளம் என்ற இடத்தில் பக்கம் மாறுகின்றன. அதனால் இடது மூளைதான் வலது கையை ஆட்டுகிறது. வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்குப் பேச்சும் இடது மூளையில்தான், இடது கைப் பழக்கம் உள்ளவர்களில்கூட எழுபது பேருக்கு அப்படித்தான். இந்த இரண்டு வேலைக்கும் ரத்தம் கொண்டுபோவது நடுப் பெருமூளைத் தமனி என்ற ஒரே குழாயின் கிளைகள். வாய்க்கால் அடைத்தால் அதை நம்பியிருக்கும் வயல்கள்தானே காயும்? காலை ஆட்டுகிற பகுதி மூளையின் நடுப்பிளவுக்குள் இருக்கிறது, அதற்கு வேறு தமனி. அதனால்தான் பலருக்குக் கால் ஓரளவு தேறி நடக்க ஆரம்பித்த பிறகும், கையும் பேச்சும் பின்தங்கியே இருக்கின்றன.

மூளையின் எடை ஏறக்குறைய 1.3 முதல் 1.4 கிலோ, உடம்பில் 2 சதவீதம்தான். ஆனால் நாம் இழுக்கிற ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. சேமிப்பு என்று அதனிடம் எதுவும் கிடையாது. பெரிய தமனி அடைத்துச் சிகிச்சை இல்லாமல் கிடந்தால், சராசரியாக ஒரு நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விடாதீர்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாயில் காபி, சோடா எதையும் ஊற்றாதீர்கள், விழுங்கும் தசைகளும் தளர்ந்திருக்கலாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

இப்போது என் வேலைக்கு வருகிறேன். தன் பெயரைச் சொல்ல முடியாமல் வியர்த்துப்போகிற ஒரு பெரியவரிடம், "சேர்ந்து எண்ணலாமா? ஒண்ணு, ரெண்டு…" என்று நான் ஆரம்பித்து நிறுத்துவேன். "மூணு, நாலு, அஞ்சு" என்று பத்து வரைக்கும் கடகடவென்று போய்விடுவார். அவருக்கே ஆச்சரியமாக இருக்கும். ஆனால் நடுவில் "ஏழு மட்டும் சொல்லுங்க" என்றால் வராது. யோசித்துச் சொல்லைத் தேடுவது ஒரு வழி, பழகிய வரிசையைச் சொல்வது இன்னொரு வழி, முதலாவது அடைபட்டாலும் இரண்டாவது பல பேருக்குத் திறந்தே இருக்கிறது. பாட்டும் அப்படித்தான். பேச்சு போனவர் சாமி பாட்டைச் சொல் பிசகாமல் பாடுவதை 1745-லேயே சுவீடனில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1973-ல் பாஸ்டனில் இதையே ஒரு பயிற்சி முறையாக வகுத்தார்கள். "தண்ணி வேணும்" என்பதை ராகமாக இழுத்து, ஒவ்வோர் அசைக்கும் இடது கையால் தட்டிச் சொல்ல வைப்போம், பிறகு ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். வலது மூளை உதவிக்கு வருவதால்தான் இது நடக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள், தாளமும் பழகிய சொற்களும்தான் காரணம் என்று வேறு சிலர். எது காரணமானாலும், எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு நன்றாகவே பலன் தருகிறது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. டிவியை அணைத்துவிட்டு எதிரில் உட்காருங்கள். "காபியா, டீயா?" என்று இரண்டு டம்ளரையும் காட்டிக் கேளுங்கள். பத்து விநாடி பொறுங்கள், அந்தப் பத்து விநாடி நமக்குத்தான் பெரிசாகத் தெரியும். அவர் தேடும் சொல்லை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். குழந்தையிடம் பேசுவது போலவும் பேச வேண்டாம், கத்தவும் வேண்டாம், அவர் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. வங்கி விஷயம், நிலத் தகராறு, பெண்ணின் கல்யாணப் பேச்சு, இதையெல்லாம் அவரைத் தள்ளி வைத்துவிட்டு முடிவு செய்யாதீர்கள்.

ஆறு மாசத்துக்குள் வராவிட்டால் இனிமேல் பேச்சு வராது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கைவிட்டவர்கள் ஏராளம். ஜெர்மனியில் பக்கவாதம் வந்து ஆறு மாசம் தாண்டிய 158 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல், மூன்று வாரம் பயிற்சி கொடுத்ததில் அவர்கள் பேச்சு முன்னேறியிருந்தது. எனவே உங்கள் வீட்டில் இரண்டு வருஷம், மூன்று வருஷமாகப் பேசாமல் இருப்பவரையும் ஒரு முறை பேச்சுப் பயிற்சியாளரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரித்தால், இந்தப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று வழி காட்டுவார்கள். நன்றி, வணக்கம்.